பழைய வயரிங் கிட்டையும் கப்ளர்களையும் சுத்தம் செய்வது: நெல்லைச் சீமை வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கழற்றிய வயரிங் கிட்டைத் திரும்பப் பூட்டுமுன், அல்லது பழைய சாமான் கடையில் வாங்கிய கிட்டை வண்டியில் ஏற்றுமுன் படிக்க வேண்டியவை. பைக், ஆட்டோ, கார், டிராக்டர் என்று 12 வோல்ட் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வயரிங்கைச் சுத்தம் செய்வது என்றால் துடைத்து டேப் சுற்றுவதுதானே?

அது மூன்றில் ஒரு வேலை. வெளியே இருக்கும் எண்ணெய், மண், உருகிய டேப் பசை ஒன்று. கப்ளருக்குள், அதாவது இரண்டு வயர்க் கொத்துகளை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிக்குள், உலோகப் பின்களில் பிடித்திருக்கும் களிம்பு இரண்டாவது. வயருக்குள் செம்புக் கம்பியோடு ஏறிப் போன ஈரம் மூன்றாவது. முதலாவது பார்வைக்குத்தான் அசிங்கம், வண்டி ஓடும். வண்டியைப் பாதி வழியில் நிறுத்துவது இரண்டாவது. மூன்றாவதைச் சுத்தம் செய்யவே முடியாது, வெட்டி மாற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் வேலையை அரை நாள் செய்துவிட்டு, கப்ளரைத் திறந்துகூடப் பார்க்காமல் பூட்டிவிடுகிறார்கள்.

நம்ம பக்கத்து வண்டிகளில் மட்டும் கப்ளர் இவ்வளவு சீக்கிரம் பச்சை பிடிக்கக் காரணம் என்ன?

உப்பு. உவரி, கூடங்குளம், திருச்செந்தூர், காயல்பட்டினம் என்று கடலோரம் முழுக்க உப்புக்காற்று. ராதாபுரம், நாங்குநேரி பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. அதே தண்ணீரில்தான் வண்டியைக் கழுவுகிறோம். திசையன்விளையைத் தாண்டினால் தேரி மண். ஆனி, ஆடிக் காற்றில் அந்தச் செம்மண் தூசி கப்ளருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஐப்பசி மழை. உப்பும் தூசியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், வெளியே காய்ந்தாலும் கப்ளருக்குள் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும்.

கடலோர ஊரில் நாலைந்து வருடம் ஓடிய பைக்கின் சாவி ஸ்விட்ச் கப்ளரைப் பிரித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பேட்டரியிலிருந்து நேரே வரும் வயரின் பின்னைச் சுற்றி நீலப்பச்சையாக, பல்பொடி கெட்டிப்பட்ட மாதிரி ஒரு பூச்சு இருக்கும். பக்கத்துப் பின்கள் ஓரளவு வெள்ளையாகவே இருக்கும். சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அந்த ஒரு பின்னில் மட்டும் எப்போதும் 12 வோல்ட் நிற்கிறது. உப்புநீர் வழியாக மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து வெளியே வருகிறது. அதனால் எந்தக் கப்ளரைத் திறந்தாலும் எப்போதும் உயிரோடு இருக்கும் பின்னை முதலில் பாருங்கள்.

கழற்றுமுன் என்ன செய்து வைக்க வேண்டும்?

பேட்டரி நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. பூட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஒவ்வொரு கப்ளரையும் கழற்றுமுன் இரண்டு படம் எடுங்கள்: தூரத்தில் ஒன்று, வயர் நிறம் தெரியக் கிட்டத்தில் ஒன்று. மாஸ்கிங் டேப்பில் எண் எழுதிக் கப்ளரின் இரண்டு பாதியிலும் ஒட்டுங்கள். பால்பாயிண்ட் மை கழுவும்போது போய்விடும், பென்சில் போகாது.

கப்ளரை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் பூட்டு சூட்டில் காய்ந்து மொறுமொறு என்று ஆகியிருக்கும். ஒரு பாதியை உள்ளே தள்ளி அழுத்தத்தைக் குறைத்துவிட்டுப் பூட்டை அமுக்கினால் உடையாமல் வரும்.

மொத்த கிட்டையும் சோப்புத் தண்ணீர் வாளியில் ஊறப் போடலாமா?

வேண்டாம். விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல, வயருக்குள் இருக்கும் செம்பு இழைகள் தண்ணீரை இழுக்கும். வயரில் பின்னை நசுக்கிப் பிடிக்க வைத்த இடத்தில், அதாவது கிரிம்ப் ஆன இடத்தில், செம்பு திறந்துதான் இருக்கிறது. அதன் வழியே நுழையும் தண்ணீர் உறைக்கு அடியில் ஊர்ந்து போய் மாதக்கணக்கில் காயாது.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் அரை டீஸ்பூன். துணியை நனைத்துப் பிழிந்து, வயரைத் துணிக்குள் பிடித்து, நடுவிலிருந்து முனையை நோக்கி உருவுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு தடவை. கப்ளர் வாய்களைப் பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். பிரஷர் வாட்டர் பக்கமே போக வேண்டாம்.

கப்ளரைக் கழுவ எந்தத் தண்ணீர்?

பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். கேட்கும்போது பெயரைச் சொல்லிக் கேட்டு, கேனில் இருப்பதைப் படித்து வாங்குங்கள். அதே கடையில் அதே மாதிரிக் கேனில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். ஒரு பைக் கிட்டுக்கு 1 லிட்டர், காருக்கு 3 லிட்டர் போதும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் வீடு என்றால் முதல் அலசலுக்கு அதைப் பயன்படுத்தலாம். கடைசி அலசல் மட்டும் எந்த ஊரிலும் டிஸ்டில்டு வாட்டரில்தான். போர் தண்ணீரில் அலசிக் காயவைத்தால், தண்ணீர் போய் அதிலிருந்த உப்பு பின்னிலேயே தங்கிவிடும். களிம்பை எடுத்துவிட்டுக் களிம்புக்கு விதை போட்ட கதை.

உருகிய டேப் பசை கையிலெல்லாம் ஒட்டுகிறது. பெட்ரோல், தின்னர் போடலாமா?

தின்னரும் அசிட்டோனும் பி.வி.சி. உறையை இளக்கிவிடும். பெட்ரோல் உறையில் இருக்கும் மென்மையைக் கரைத்து எடுத்துவிடும். துடைத்தபோது பளிச்சென்று இருந்த வயர் பிறகு வளைத்தால் வெடிக்கும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன் தொட்டு, ஒரு சாண் ஒரு சாணாகத் துடைத்து, உடனே சோப்புத் துணியால் எடுத்துவிடுங்கள். இதைக் கப்ளருக்கு நாலு விரல் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். வாட்டர்புரூப் கப்ளருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் பெரும்பாலும் சிலிக்கான். மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப்போகும், திரும்ப உட்காராது. அந்த நாலு விரலுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான். செல்போன் ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் 99 சதவீதம் கேட்டு வாங்குங்கள். சானிட்டைசர் உதவாது, அதில் கிளிசரின் இருக்கிறது, பிசுபிசுப்பு நின்றுவிடும்.

கப்ளருக்குள் பச்சைக் களிம்பு. வரிசையாக எப்படி எடுப்பது?

கவனமாகச் செய்ய வேண்டிய இடம் இது.

முதலில் காய்ந்த நிலையிலேயே எடுங்கள். மென்மையான டூத் பிரஷ், பல்லிடுக்குத் துலக்கும் சின்னப் பிரஷ் இரண்டும் வேண்டும். கப்ளர் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துத் துலக்கினால் பொடி உதிரும். ஊதாதீர்கள், வாயில் ஈரமும் உப்பும் இருக்கிறது. சைக்கிள் பம்பு போதும்.

அடுத்து காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, பிளாஸ்டிக்குக்குத் தீங்கில்லை என்று எழுதியிருப்பதாக. ஒரு வினாடி அடித்து, ஆண் பாதியையும் பெண் பாதியையும் ஐந்தாறு தடவை சேர்த்துப் பிரியுங்கள். பின்களே ஒன்றையொன்று உரசிச் சுத்தம் செய்துகொள்ளும். திரும்ப அடித்து வடியவிடுங்கள். லேசான களிம்பு இதிலேயே போய்விடும். பிரேக் கிளீனரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சில பிளாஸ்டிக்கை அது விரிசல் விடவைக்கும்.

இதிலும் போகாத கெட்டிக் களிம்புக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லிக்கு ஒரு டீஸ்பூன். பின்னைக் கப்ளரிலிருந்து உருவி, பின் மட்டும் நனைய 3 முதல் 5 நிமிடம் வையுங்கள். கிரிம்ப் ஆன செம்பு மேலேயே இருக்கட்டும். பச்சை கரைந்து தண்ணீர் நீலமாகும். எடுத்து, 200 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கரைத்த கரைசலில் ஒரு நிமிடம் முக்குங்கள்; நுரைத்தால் அமிலம் மிச்சம் இருந்தது என்று பொருள். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு அலசல், ஆல்கஹாலில் ஒரு அலசல். ஆல்கஹால் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு ஆவியாகும். சோடா அலசலை விட்டுவிட்டால் பழையபடி பச்சை பிடிக்கலாம்.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபள என்று ஆகிறதே, பின்னுக்கும் அதுதானே?

வேதியியல் ஒன்றுதான்: புளியில் இருக்கும் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. ஆனால் குத்துவிளக்கை நன்றாகக் கழுவலாம், கப்ளர் இடுக்கில் புகுந்த புளிச் சக்கையைக் கழுவ முடியாது. சர்க்கரையும் இருப்பதால் எறும்பு வரும். வினிகரில் உப்புப் போட்டு ஊறவைக்கும் யோசனை இன்னும் மோசம். சாதாரண உப்பிலிருக்கும் குளோரைடுதான் களிம்பை மறுபடி மறுபடி உண்டாக்குவது. விரட்ட வேண்டியதை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.

உப்புத்தாள் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்துவிடாதா?

அன்றைக்கு முடிந்துவிடும். வண்டிப் பின்கள் பெரும்பாலும் பித்தளை அல்லது செம்புக் கலவை; மேலே வெள்ளீய முலாம். அந்த முலாம்தான் களிம்பைத் தடுத்துக்கொண்டிருந்தது. உப்புத்தாள் அதை உரித்துவிட்டால் உள்ளே இருக்கும் பித்தளை வெறும் உடம்போடு உப்புக்காற்றில் நிற்கும். மஞ்சளாகப் பளபளக்கும் பின் சுத்தமான பின் இல்லை, முலாம் போன பின். மங்கலான சாம்பல் வெள்ளையில் நிற்பதே சரி.

தேய்த்தே ஆகவேண்டும் என்றால் பேனா மை அழிக்கும் ரப்பரைச் சீவி, ஆண் பின்னில் மட்டும் இரண்டு மூன்று இழுப்பு. தங்க முலாம் பின்களில் அதுவும் கூடாது. முலாம் போய்க் குழி விழுந்த பின்னை மாற்றிவிடுங்கள். தங்கப் பின்னுக்கு எதிரே வெள்ளீயப் பின்னை மாட்டாதீர்கள். இரண்டு உலோகம் உரசும் இடத்தில் அரிப்பு வேகமாகும்.

பின்னை உடைக்காமல் உருவுவது எப்படி?

முதலில் இரண்டாம் பூட்டைத் தேடுங்கள். கப்ளர் வாயில் அல்லது பக்கவாட்டில் வேறு நிறத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை ஒரு படி வெளியே இழுக்காமல் எந்தப் பின்னும் வராது. அடுத்து வயரை மெல்ல உள்ளே தள்ளி, 1 மில்லிமீட்டர் தட்டையான கம்பியால் பூட்டு நாக்கை அமுக்கி, வயரைப் பின்னால் இழுங்கள். உடைந்த குடைக்கம்பியை அரத்தில் தட்டையாக்கினால் நல்ல கருவி. நாக்கு சில கப்ளரில் பின்னில் இருக்கும், சிலவற்றில் பிளாஸ்டிக்கில் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நாக்கு பின்னில் இருந்தால், திரும்பச் செருகுமுன் அதை மெல்ல நிமிர்த்த வேண்டும். செருகும்போது “டிக்” என்று கேட்க வேண்டும். பிறகு வயரை லேசாக இழுத்துப் பாருங்கள்.

பெண் பின்னின் பிடியையும் இப்போதே சோதியுங்கள். அதே அளவு ஆண் பின் ஒன்றைத் தனியாக எடுத்துச் செருகி இழுத்தால் இழுவை தெரிய வேண்டும். பெரிய தட்டைப் பின் (லக்) என்றால் 6.3 மில்லிமீட்டர் அகலம், நடுத்தரம் 4.8, சிறியது 2.8. வழுவழு என்று வந்தால் களிம்பே இல்லாவிட்டாலும் அந்தப் பின் சூடாகும். மல்டிமீட்டர் முனையைப் பெண் பின்னுக்குள் திணித்துப் பார்க்கும் பழக்கம்தான் பல பின்களைத் தளரவைக்கிறது.

டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சி சொல்கிறாரே?

நீலக் கேனில் வரும் சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், அவசரத்துக்கு வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும், அதில் தூசி ஒட்டும். தேரிக்காட்டுப் பக்கம் ஓடும் வண்டிக்கு அது செம்மண் பசை தடவியதற்குச் சமம். அதே பெயரில் காண்டாக்ட் கிளீனர் தனியாக வருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கிரீஸ் தடவலாமா? எது, எவ்வளவு?

மின்சாரம் கடத்தாத சிலிக்கான் கிரீஸ், டைஎலெக்ட்ரிக் கிரீஸ் என்று கேட்க வேண்டும். கப்ளரின் ரப்பர் வளையத்துக்கு ஓர் அரிசி அளவு, வயர் நுழையும் பின்வாய்க்கு ஓர் அரிசி அளவு. பின்னில் படலாம், பின் செருகும் அழுத்தத்தில் அது விலகி உலோகம் உலோகத்தைத் தொடும். ஆனால் கப்ளர் நிறைய அடைத்தால் சரியாக மூடாது. பேட்டரி டெர்மினலுக்கு வாஸ்லைன் போதும், பூட்டி முறுக்கிய பிறகு மேலே தடவுங்கள். என்ஜின் பக்கத்து கப்ளருக்கு வாஸ்லைன் வேண்டாம், உருகி ஓடும். தேங்காய் எண்ணெய் எங்கேயும் வேண்டாம். வீல் பேரிங் கிரீஸும் கூடாது.

நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டால் காயாதா?

வெளியே காயும். கொடியில், நிழலில், காற்று வரும் இடத்தில், கப்ளர் வாய்கள் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். ஃபேன் போட்டு ஒரு முழு நாள். மழைக்காலம் என்றால் இரண்டு நாள். கொதிக்கும் மொட்டைமாடித் தரையில் போட்டுப் பழைய உறையை மேலும் காயவைக்க வேண்டாம். அவசரம் என்றால் ஹேர் டிரையர், குறைந்த சூடு, ஒரு சாண் தூரம். ஹீட் கன் கப்ளரை வளைத்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் வயரிங்கைக் காப்பாற்ற முடியுமா?

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி வெள்ளம் நெல்லை ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, ஏரல், ஸ்ரீவைகுண்டம் என்று ஊருக்குள் புகுந்தது. அன்று மூழ்கிய வண்டிகளின் உதிரிகள் இன்னும் விற்பனையில் வரக்கூடும் என்பதால் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். டேப்பை ஓரிடத்தில் பிரியுங்கள். அடியில் வண்டல் கோடு கோடாகப் படிந்திருந்தால் மூழ்கியது. ஒரு வயரின் முனையில் 2 சென்டிமீட்டர் உறையை உரியுங்கள். செம்பு புதுக் காசு நிறத்தில் இருந்தால் நல்லது. கரி பிடித்த மாதிரிக் கறுத்திருந்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் வெட்டிப் பாருங்கள். ஒரு சாண் உள்ளேயும் கறுப்பு என்றால் அந்த வயர் போயிற்று. நாலைந்து வயரில் இப்படி என்றால் அந்தக் கிட்டை விட்டுவிடுங்கள்.

ஆற்றுத் தண்ணீரில் ஓரிரு மணி நேரம் நனைந்து உடனே அலசிக் காயவைத்த கிட் பல நேரம் பிழைக்கும். கடல் தண்ணீர், உப்பளத் தண்ணீர் ஏறியது பிழைக்காது.

எலி கடித்த வயரிங்?

பிசான அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். பானட் சூடு அவற்றுக்கு வசதி. எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும், அதனால் ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். காய்ந்த புழுக்கையைப் பெருக்காமல் சோப்புத் தண்ணீரால் நனைத்து எடுங்கள். பிளீச்சிங் தண்ணீர் வயரிங் மேல் ஊற்றக் கூடாது, செம்பை அரிக்கும். கடித்த இடத்தை டேப் சுற்றி மூடினால் உள்ளே ஈரம் தங்கும். இரண்டு பக்கமும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, அதே கனத்தில் புது வயர் வைத்துக் கிரிம்ப் செய்து, உட்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கும் குழாய்) போடுங்கள். ஈயம் வைத்தால் அது இழைகளுக்குள் ஓடி அந்த இடம் குச்சி மாதிரி விறைத்துவிடும், ஓட்ட அதிர்வில் அதன் ஓரத்தில் ஒடியும்.

எந்த வயர்களைத் தொடவே கூடாது?

மஞ்சள் உறை அல்லது மஞ்சள் கப்ளர் ஏர்பேக். மல்டிமீட்டர்கூட வைக்காதீர்கள், மீட்டரின் சின்ன மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். ஆரஞ்சு உறை என்றால் மின்சார, ஹைபிரிட் வண்டிகளின் உயர் வோல்ட்; உயிர் போகும். ஆக்ஸிஜன் சென்சார் கப்ளருக்குள் ஸ்ப்ரேயும் கிரீஸும் வேண்டாம். பல சென்சார்கள் வயர் வழியாகத்தான் வெளிக்காற்றை எடுத்துக்கொள்கின்றன. முறுக்கிய ஜோடி வயர்கள் வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கானவை. முறுக்கைப் பிரித்து நேராக்கினால் இரைச்சல் ஏறும், காரணம் தெரியாத எச்சரிக்கை விளக்குகள் எரியும். பேட்டரி கழற்றிய நிலையில் அந்த ஜோடிக்கு நடுவே பொதுவாக 60 ஓம் காட்ட வேண்டும்.

சுத்தம் சரியாக ஆனதா என்று மீட்டரில் எப்படிப் பார்ப்பது?

பீப் சத்தத்தை நம்பாதீர்கள். இருபது இழையில் ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். லோடு போட்டு வோல்ட் இழப்பைப் பாருங்கள்: ஹெட்லைட்டை எரியவிட்டு, கப்ளருக்கு முன்னே ஒரு முனை, பின்னே ஒரு முனை. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 55 வாட் பல்பு ஏறத்தாழ 4.5 ஆம்பியர் இழுக்கும். கப்ளரில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் 0.45 வோல்ட் அங்கேயே போகிறது, இரண்டு வாட் சூடு ஒரு பின்னுக்குள் எரிகிறது. பைக் ரெகுலேட்டர் கப்ளர் பழுப்பேறி உருகுவது இப்படித்தான். எர்த் பக்கத்தையும் இதே போல, என்ஜின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேதான். பெயிண்ட் மேல் முறுக்கிய எர்த் போல்ட்.

முதல் தடவை பேட்டரி கொடுக்கும்போது மெயின் ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக மாட்டுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது, வயர் கருகாது. சாவி அணைத்த நிலையில் பல்பு எரியாமல் இருந்த பிறகு ஃபியூஸ் போடுங்கள்.

திரும்ப எந்த டேப்?

வீட்டு வயரிங்குக்குப் போடும் பி.வி.சி. டேப் என்ஜின் சூட்டில் பசை கக்கும். வயரிங் துணி டேப் கேளுங்கள். பாதி மேல் பாதி ஏறும்படி சுற்றினால் போதும். என்ஜின் பக்கம் வரி போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, தாழ்வான இடத்தில் அதன் வெட்டு வாய் கீழே பார்க்க வையுங்கள், தண்ணீர் வடியும். கப்ளருக்குள் நுழையும் வயர் கீழிருந்து மேலேறுவது போல ஒரு வளைவு விட்டால் மழைநீர் வளைவில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது.

பழைய கிட் வாங்கும்போது பொருந்துமா என்று எப்படித் தெரியும்?

கிட்டில் ஒட்டியிருக்கும் சீட்டின் பார்ட் எண் உங்கள் கிட்டின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மாடல் பெயர் மட்டும் போதாது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது, அதே பெயருள்ள பல பைக்குகள் கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்‌ஷனுக்கு மாறின; கிட் முழுவதும் வேறு. எண் ஒத்துப்போனால், ஹேண்டில் கழுத்தில் வளையும் இடத்தைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். உறை வெடித்தாலோ உள்ளே கம்பி முறிந்து அந்த இடம் மட்டும் தொளதொள என்று மடங்கினாலோ வாங்க வேண்டாம். சாவி ஸ்விட்ச் கப்ளர், ரெகுலேட்டர் கப்ளர், ஃபியூஸ் பெட்டி மூன்றையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்; திறக்க மறுத்தால் வேறு கடையைப் பாருங்கள்.